வேலை செய்யும் இடத்தில் மனநலம்: நம் குழு என்ன செய்யலாம்?



முன்பெல்லாம் நம் கூட்டங்களில் பேசியது சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றித்தான். இன்று நம் உறுப்பினர்கள் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிறார்கள், சீருடை தைக்கிறார்கள், சத்துமாவு அரைக்கிறார்கள், குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறார்கள். 2023-ல் எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை ஓட ஆரம்பித்த பிறகு நம் வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் அங்கேயும் வேலைக்குப் போகிறார்கள். பூலாம்பாடி, அரும்பாவூர், மலையாளப்பட்டி பக்கம் வெங்காயம், பருத்தி, மக்காச்சோளக் காட்டு வேலை எப்போதும் போல இருக்கிறது.

ஆக நாம் எல்லோரும் வேலை செய்கிறவர்கள். குழுவோ கூட்டமைப்போ யூனிட் நடத்துகிற இடத்தில் வேலை கொடுப்பவர்களும் நாமேதான். வேலை கொடுப்பவருக்குக் கூலி கொடுக்கும் பொறுப்பு இருப்பது போல, வேலை செய்பவரின் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இருக்கிறது. கை வெட்டுப்பட்டால் மருந்து போடுகிறோம். மனசு நொந்து போனால் என்ன செய்கிறோம்? அதைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மனநலம் என்றால் என்ன?

மனநலம் என்றதும் நமக்குப் பைத்தியம், பேய், பில்லிசூனியம் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. அப்படி இல்லை. நல்லா தூங்கி எழுந்து, நாலு பேரோடு பேசி, வர்ற கஷ்டத்தைச் சமாளித்து, செய்கிற வேலையைச் செய்ய முடிந்தால் அது மனநலம். அதில் குறை வந்தால், உடம்புக்குக் காய்ச்சல் வருவது போல மனசுக்கும் முடியவில்லை என்று அர்த்தம்.

கவலை எல்லோருக்கும் வரும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், மழை பெய்யல, மாடு சினை பிடிக்கல என்று கவலைப்படுவது நோய் இல்லை. காரணம் சரியானதும் கவலையும் குறைந்துவிடும். ஆனால் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், எப்போதும் சோர்வாக, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற நினைப்போடு ஒருத்தர் இருந்தால், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். இதற்கு வைத்தியம் உண்டு. குணமாகும்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நாடு முழுவதும் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் வைத்தியம் எடுத்துக்கொள்ளவில்லை. 20 பேர் உள்ள ஒரு குழுவை நினைத்துப் பாருங்கள். நம்மில் ஒருவரோ இருவரோ சொல்லாமல் உள்ளுக்குள் தாங்கிக்கொண்டு இருக்கலாம்.

வேலைக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

"அவ வீட்டுப் பிரச்சனை, அதுக்கு நாம என்ன பண்றது?" என்று கேட்பார்கள். வீட்டுப் பிரச்சனை இருக்கலாம். ஆனால் வேலையே மனசைக் கெடுக்கும் என்பதும் உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வேலையிட மனநலம் பற்றி வழிகாட்டி வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று அந்த நிறுவனம் கணக்குச் சொல்கிறது. தாங்க முடியாத வேலைச்சுமை, நிச்சயம் இல்லாத வருமானம், மேலே இருப்பவரின் வசவு, பாகுபாடு, தொல்லை ஆகியவை வேலையிடத்தில் மனசைக் கெடுக்கும் காரணங்கள் என்றும் சொல்கிறது.

இதை நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம்.

காலை உணவுக்கு விடியுமுன்னே கிளம்பும் அக்கா, அதற்கு முன் வீட்டுச் சமையலையும் முடிக்க வேண்டும். அவருக்குத் தூக்கம் ஏது? தையல் யூனிட்டில் பீஸ் ரேட். மெஷின் ரிப்பேர் ஆனாலும், கரண்ட் போனாலும் கூலி குறைகிறது. வெங்காயக் காட்டில் ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணி குடிக்காமலே இருக்கிறார்கள். கணக்கு எழுதும் பிள்ளைக்கு மாதக் கடைசியில் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் போன் போடுகிறது. கணக்கில் 50 ரூபாய் இடித்தால் "எடுத்துட்டியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எத்தனை ராத்திரி தூங்காமல் இருப்பாள் என்று நாம் நினைப்பதில்லை.

உட்காருவதைக்கூட சட்டம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. ஒரு ஸ்டூல் பெரிய செலவு இல்லை. ஆனால் "நீயும் மனுஷிதான்" என்று அந்த ஸ்டூல் சொல்கிறது. நம் யூனிட்டில் முதுகு சாய நாற்காலி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

திண்டுக்கல் பெண்கள் செய்தது

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவரது மேற்பார்வையாளர் கைதானார். அதற்குப் பிறகுதான், அங்கே வேலை செய்த பெண்கள் பாலியல் தொல்லையும் கெட்ட பேச்சும் எவ்வளவு நாளாக நடந்தது என்று வெளியே சொன்னார்கள். முன்பு ஏன் சொல்லவில்லை? சொன்னால் வேலை போகும், ஊரில் பேர் கெடும் என்ற பயம்தான்.

தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதை விடவில்லை. பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் இது. 2022 ஏப்ரலில் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இதில் தனியாகக் கையெழுத்துப் போட்டன. தையல் வரிசையில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து மெஷினில் இருப்பவர் திட்டு வாங்கினாலோ, தொல்லைப்பட்டாலோ, இவர்கள் கவனித்து, கேட்டு, புகாராகக் கொண்டுபோக வேண்டும். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. முதல் ஆண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்க்கப்பட்டன.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த அதிகாரியைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது. அவளுக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் கொடுத்தால் வாயைத் திறக்கிறாள்.

வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு 2013-ல் வந்த சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அங்கேயே புகார்க் குழு இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவு என்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மனசு சரியில்லாதவர் "எனக்கு மனசு சரியில்ல" என்று வந்து சொல்ல மாட்டார். உடம்பு வலி என்றுதான் சொல்வார். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. அடிக்கடி தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பு எரிச்சல் என்கிறார். டாக்டர் பார்த்தால் ஒன்றுமில்லை என்கிறார்.
2. முன்பு நேரத்துக்கு வந்தவர் தாமதமாக வருகிறார், அல்லது அடிக்கடி லீவு போடுகிறார்.
3. செய்த வேலையில் தப்பு கூடுகிறது. சொன்னது மறந்துவிடுகிறது.
4. கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கி உட்காருகிறார். சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துப் போகிறார்.
5. சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறார் அல்லது அழுகிறார்.
6. "நான் இல்லாட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேசுகிறார்.

பிள்ளை பெற்ற ஒரு வருஷத்துக்குள் இருக்கும் தாய்மார்கள், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள், கணவரை இழந்தவர்கள், குடிகாரக் கணவரோடு வாழ்பவர்கள் ஆகியோரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு யூனிட்டில் நடந்தது

நாங்கள் போய்வரும் ஒரு தையல் யூனிட்டில், நன்றாகத் தைக்கும் ஒருவர் ஒரு நாளைக்கு 10 சட்டை முடிப்பார். மெல்ல மெல்ல 4 சட்டைக்கு இறங்கிவிட்டார். வாரம் இரண்டு நாள் வருவதில்லை. "ஆர்டர் கெடுது, வேற ஆளப் போடுவோம்" என்று குழுவில் பேச்சு வந்து, தீர்மானம் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார்கள். அப்போது வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர், "எழுதறதுக்கு முன்னாடி ஒரு தரம் அவகிட்ட கேட்டுட்டு வர்றேனே" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தார். டீ குடித்தார். "ஏம்மா, முகமே சரியில்லியே, தூங்குறியா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் அரை மணி நேரம் அழுதார். கணவர் வெளிநாட்டிலிருந்து ஆறு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. மூன்று இடத்தில் கடன். வசூலுக்கு வருபவர் யூனிட் வாசலிலேயே வந்து நின்றார். அதைப் பக்கத்து மெஷின்காரர்கள் பார்த்த வெட்கத்தில்தான் அவர் வராமல் இருந்தார்.

குழு என்ன செய்தது? அவரை நீக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு நேரம் பிடிக்கும் காலர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்து, பட்டன், காஜா வேலையை இவருக்குக் கொடுத்தது. நம் குழுக் கடன் தவணையைத் தள்ளி வைத்தது. மூத்த உறுப்பினரே அவரைப் பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு தூக்கம் வந்தது. இப்போது நாளைக்கு 7, 8 சட்டை தைக்கிறார். கடன் இன்னும் தீரவில்லை. கணவர் விஷயமும் முடியவில்லை. ஆனால் அவர் வேலையில் இருக்கிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. அன்று தீர்மானம் எழுதியிருந்தால் இருந்த ஒரு பிடியையும் நாமே பிடுங்கியிருப்போம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில நேரம் நம் குழுவே ஒருத்திக்குப் பாரமாகிவிடுகிறது. தவணை கட்டாதவர் வீட்டு வாசலில் எல்லோரும் போய் உட்காருவது, வேலையிடத்தில் வைத்துக் கேட்பது, இதெல்லாம் நாம் பார்த்ததுதான். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதிப்படி, கடன் கொடுத்த கம்பெனியே காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போடக் கூடாது. மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ கூடாது. கம்பெனிக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், கூடப் பிறந்தவள் மாதிரி பழகும் நாம் எப்படி நடக்க வேண்டும்?

எப்படிப் பேசுவது?

பெரிய படிப்பு வேண்டாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஒரு வேலை தொடங்கினார். டாக்டர்கள் குறைவான நாடு. அதனால் ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரப் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனசு நொந்தவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். பாட்டி கேட்பார். எந்தப் பிரச்சனையை முதலில் தீர்க்கலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 2016-ல் வெளியான ஆய்வில், இப்படிப் பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது தெரிந்தது. அந்த ஊர் மொழியில் இந்த நோய்க்கு "ரொம்ப யோசிக்கிறது" என்று அர்த்தம் வரும் பெயராம். நாமும் "மனசுல போட்டு உழப்பிக்கிறா" என்றுதானே சொல்கிறோம்!

பேசும்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

தனியாக வைத்துக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்காதீர்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையா?", "உன்னவிடக் கஷ்டப்படுறவங்க இல்லியா?", "சாமி கும்புடு, சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். கோயிலுக்குப் போவதும் வேண்டிக்கொள்வதும் அவரவர் விருப்பம். ஆனால் அதை வைத்தியத்துக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

"நீ சொன்னது எனக்குப் புரியுது. நீ தனியா இல்ல. நாளைக்கு நான் மறுபடி வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் போங்கள்.

கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். ஒருத்தர் நம்பிச் சொன்னது டீக்கடை வரை போனால், அதற்குப் பிறகு யாரும் நம்மிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். ஒரே விதிவிலக்கு உயிருக்கு ஆபத்து இருக்கும் நேரம்.

வேலையில் என்ன மாற்றலாம்?

பேச்சு மட்டும் போதாது. வேலைச்சுமை அப்படியே இருந்தால் ஆறுதல் எத்தனை நாள் தாங்கும்? கூட்டமைப்பு நடத்தும் யூனிட்டுகள் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாகவே எழுதலாம்.

1. கூலி கொடுக்கும் தேதியை முடிவு செய்து, அந்தத் தேதியில் கொடுப்பது. எப்போ வரும் என்று தெரியாத கூலியே பாதிக் கவலை.
2. சமையல் வேலைக்கு மாற்று ஆள் ஒருவரை முன்கூட்டியே பழக்கி வைப்பது. காய்ச்சல் வந்தாலும் லீவு போட முடியாது என்ற நிலை கூடாது.
3. சாப்பாட்டு நேரம், உட்கார இடம், தண்ணீர், கழிப்பறை.
4. தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது. எல்லோர் முன்னாலும் திட்டுவதில்லை என்று ஊக்குநர் உட்பட எல்லோரும் ஒத்துக்கொள்வது.
5. மனசு சரியில்லாமல் வைத்தியம் பார்ப்பவருக்கு இரண்டு மூன்று மாதம் லேசான வேலை. ஆஸ்பத்திரி போகும் நாளை ஆப்சென்ட் என்று எழுதாமல் இருப்பது.
6. நன்றாகக் கேட்கத் தெரிந்த, ரகசியம் காக்கும் ஒருவரை யூனிட்டுக்கு ஒரு "தோழி"யாகத் தேர்ந்தெடுப்பது. அவர் மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது.

ஊக்குநர், பிரதிநிதி, கணக்காளர் ஆகியோரையும் மறந்துவிட வேண்டாம். ஊர்க் கஷ்டம் எல்லாம் இவர்கள் காதில்தான் விழுகிறது. ராத்திரி 8 மணிக்கு மேல் குழு வேலைக்காகப் போன் செய்வதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்தாலே அவர்களுக்குப் பாதி பாரம் இறங்கும்.

எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது நம் பக்கத்துத் திருச்சியில்தான், 1997-ல். இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். காசு கிடையாது. எந்த நாளில் எங்கே பார்க்கிறார்கள் என்று நம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் சொல்வார்.

பஸ் ஏறிப் போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி, உதை என்றால் பெண்கள் உதவி எண் 181.

மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை. மனச்சோர்வு மாத்திரை போட்ட அன்றே வேலை செய்யாது. இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். "ஒரு வாரம் போட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடக் கூடாது. நல்லாயிட்டுது என்று நாமாக நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொன்ன பிறகுதான் குறைக்க வேண்டும்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. வைத்திய விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்வதும் உரிமை.

உயிருக்கு ஆபத்து என்றால்

சாகணும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் "சும்மா மிரட்டுறா" என்று விட்டுவிடாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "உசிர விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வராது. மனசைத் திறக்க வழிதான் கிடைக்கும். அன்று அவரைத் தனியாக விடக் கூடாது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் எடுத்துப் பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். 14416-க்குப் பேசுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டார் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து வீட்டிலேயே வைத்திருந்து உயிரைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகத்தான் கருத வேண்டும், அவருக்கு அரசு வைத்தியம் தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. முன்பு இதைக் குற்றமாக்கிய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. ஆகவே பயப்படாமல் போங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

இந்தக் கட்டுரையை அடுத்த குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகளைப் பேசுங்கள்.

1. மூன்று கூட்டமாக வராத உறுப்பினர் யார்? அவரைப் பார்க்க யார் போவது?
2. நம் யூனிட்டில் மேலே சொன்ன ஆறு மாற்றங்களில் எதை இந்த மாதமே செய்யலாம்?
3. நம் யூனிட்டின் "தோழி" யார்?

பேசி முடிவானதை மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். மனசு நொந்தவரின் பேரை மட்டும் எழுத வேண்டாம். 14416 என்ற எண்ணை யூனிட் சுவரிலும் சமையல் கூடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கு அந்த எண்ணை அவர்கள் போனிலேயே பதிந்து கொடுங்கள்.